ஒழுக்கு

முப்பத்தோரு வருடம் தமிழாசிரியராகப் பிரம்போடு நின்றவன் நான். பாளையங்கோட்டையில் காந்திமதிநாதன் சார் வருகிறார் என்றால் பையன்கள் சைக்கிளை விட்டு இறங்குவார்கள். அப்பேர்ப்பட்டவன் வீட்டில் ஒரு நாய், படுத்த இடத்திலேயே மூத்திரம் பெய்தால் எப்படி இருக்கும்?

ஜூலிக்கு ஏழு வயது. தெருநாய்கள் வாசலில் கூட்டம் போடுகின்றன என்று அதற்குக் கர்ப்பப்பையை எடுத்திருந்தோம். தொண்ணூற்றாறு பங்குனியில் இந்தச் சீரழிவு ஆரம்பித்தது. விடிந்து பார்த்தால் அது படுத்த சாக்கு நனைந்திருக்கும். அதுவும் பூஜை அறைக்கு நேர் எதிரே. குளித்துத் திருநீறு பூசி வருகிறவன் அதை மிதித்தால் பற்றிக்கொண்டு வருமா, வராதா? மூஞ்சியைப் பிடித்து ஈரத்தில் தேய்த்தேன். ஸ்கேலை எடுத்து விளாசினேன்.

“ஒழுக்கங்கெட்ட நாய். எல்லாம் திமிரு.”

என் மனைவி சங்கரி ஓடிவந்தாள். “தூக்கத்துல தன்னால போயிருது. வேணும்னா செய்யுது? ஏன் போட்டு அடிக்கிய?”

“நீ சும்மா கெட. செல்லங்குடுத்துக் கெடுத்ததே நீதான்.”

அடிக்கு மசியவில்லை. சரி, உள்ளே போனால்தானே வெளியே வரும் என்று தண்ணீரை நிறுத்தினேன். காலையில் ஒரு சிரட்டை, அவ்வளவுதான். சித்திரை வெயில். பள்ளிக்கூடம் லீவு என்பதால் நாள் முழுக்க நானே காவல். சங்கரியைக் கிட்டே விடவில்லை. சாக்கு காய்ந்தபோது எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

எட்டாம் நாள் ஜூலி சோற்றைத் தொடவில்லை. மஞ்சளாக வாந்தி எடுத்தது. சங்கரி என்னிடம் ஒன்றும் கேட்காமல் அதைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். நானும் பின்னால் ஏறினேன்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் எலியேசர் ஜூலியின் தோலைக் கிள்ளிப் பார்த்தார். அது எழும்பியபடியே நின்றது. “தண்ணி எத்தன நாளா குடுக்கல சார்?”

ஒழுக்கம் படிப்பதற்காகத்தான் என்றேன்.

“இது ஒழுக்கம் இல்ல சார், ஒழுக்கு. கர்ப்பப்பை எடுத்த பொட்டைக்குச் சிலதுக்கு மூத்திரப்பை வாய் தளந்துபோவும். தூங்கும்போது சொட்டும். அதுக்கே தெரியாது. மாத்திரையில நின்னிருக்கும். இப்ப கிருமியும் ஏறி, தண்ணியும் இல்லாம கிட்னி போயிட்டு.”

குளுக்கோஸ் ஏற்றினார். மறுநாள் மத்தியானம் ஜூலி செத்துப்போனது. கொன்றவன் நான்தான். வேறு எப்படிச் சொல்ல?

முருங்கை மரத்து மூட்டில் புதைத்துவிட்டு அதன் சாக்குகளை எரிக்கப் பொறுக்கினேன். குளியலறைக்குப் பின்னால் ஒரு மூட்டை கிடந்தது. பழைய சேலைத் துண்டுகள், துவைத்து மடித்தவை.

“இதையும் எரிச்சிருதேன்.”

“அத வையுங்க. அது ஜூலிக்கு உள்ளது இல்ல.”

“பின்ன?”

“எனக்கு உள்ளது. ஆப்பரேசனுக்குப் பொறவு எனக்கும் அப்படித்தான் போகுது.”

கார்த்திகையில் அவளுக்கும் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். அன்றிலிருந்து புழுக்கம் என்று சொல்லி அடுக்களையில் தனியாகப் படுத்தாள். மார்கழிக் குளிரிலும் நான் அதைப் புழுக்கம் என்றே நம்பினேன்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?” என்று கேட்டேன்.

அவள் மூட்டையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“சொல்லத்தான் நெனச்சேன். அதுக்குள்ள நீங்க ஸ்கேல எடுத்து ஜூலிய அடிச்சிய.”