பூஜ்யத்தில் நின்ற முள்

பம்ப் ஓட ஆரம்பித்ததும் லெக்சரரம்மாவுக்குக் கண் சொக்கியது. அந்த ரீங்காரம் அப்படி! பன்னிரண்டு வருஷமாகப் பொறியியல் கல்லூரி லேபில் இதே சத்தத்துக்கு நடுவில் பாடம் எடுத்தவள். மேல் ஜன்னல் வெயில் தொட்டித் தண்ணீரில் விழுந்து கூரையெல்லாம் நெளிந்தது. அதற்குள்ளேயே மிதந்துகொண்டு பேப்பரில் எழுதினாள்: அழுத்தம் 2.4.

அவள் இந்த பம்ப் கம்பெனிக்கு வந்ததே வேறு காரியத்துக்கு. மூன்று வருஷமாக இவர்கள் அவள் கல்லூரிப் பிள்ளைகளில் ஒருத்தரைக்கூட வேலைக்கு எடுக்கவில்லை. இந்த வருஷம் லிஸ்டிலிருந்து கல்லூரியின் பேரையே அடிக்கப் போகிறார்களாம். "அப்படி என்னத்தைத்தான் கேட்கறீங்க? நானே எழுதிக் காட்டறேன்" என்று அங்கே பரீட்சை வைக்கும் ஃபோர்மேனிடம் சவால் விட்டுத்தான் பரீட்சை மேஜை முன்னால் நின்றாள். வாய்க்கொழுப்பு, வேறென்ன!

ஃபோர்மேன் பேப்பரை வாங்கிப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"உங்க பசங்களும் இதேதான் எழுதினாங்க மேடம். கேஜைப் பாருங்க."

பார்த்தாள். அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது. கேஜுக்குப் போகும் குழாயை அவர் வேண்டுமென்றே மூடி வைத்திருந்தார். கல்லூரி கேஜ் செத்து ஆறு வருஷம். பழைய ரெக்கார்டு நோட்டிலிருந்த 2.4-ஐப் பார்த்து எழுதி எழுதி, முள்ளைப் பார்க்கும் பழக்கமே அவளுக்கு விட்டுப் போயிருந்தது. பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது.

"முள் அசையலன்னு எழுதற ஒரே ஒருத்தரைக் காட்டுங்க" என்றார் ஃபோர்மேன். "பேரை அடிக்காம விட்டுடறேன்."

பஸ்ஸில் கல்லூரிக்குத் திரும்பி வரும்போதுதான் தூங்குமூஞ்சியின் ஞாபகம் வந்தது. வகுப்பில் அந்தப் பெண்ணுக்கு அதுதான் பேர். போன மாசம் ஒரு மணி நேரம் கேஜையே வெறித்துக்கொண்டு நின்றாள். "என்னடி, பகல் கனவா?" என்று லெக்சரரம்மாதான் அதட்டினாள். அந்தப் பெண் தன் நோட்டில் 'முள் அசையவில்லை' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் கோடு போட்டு, மார்க்கைக் குறைத்து, கம்பெனிக்கு அனுப்பிய லிஸ்டிலிருந்தும் அவள் பேரை எடுத்தாயிற்று. பாவி, நானே எடுத்தேனே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

லேபில் அந்தப் பெண் தனியாக இருந்தாள். குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரை எண்ணுகிறவள்போல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் நோட்டைக் கொடும்மா."

முகம் மலர்ந்து நீட்டினாள். "திருத்தி எழுதிட்டேன் மேம். இந்தத் தடவ எல்லாம் சரியா வந்துடுச்சு."

பக்கம் முழுக்க குண்டு குண்டாக 2.4. லெக்சரரம்மா நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

"அதை விடு. அன்னைக்கு நீ என்ன பார்த்தே?"

"வேண்டாம் மேம்." பெண் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். "சொன்னா மறுபடி மார்க் போயிடும்."

லெக்சரரம்மா ஃபோர்மேனுக்குப் போன் போட்டு, அதை அவள் காதில் வைத்தாள். "எனக்குச் சொல்ல வேண்டாம்மா. இவர்கிட்டச் சொல்லு."

பெண் ரொம்ப நேரம் கேஜையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுமுனையில் அவரும் காத்திருந்தார்.

"முள்ளு அசையவே இல்ல சார்" என்றாள். "நான் நல்லாப் பார்த்தேன்."

"நாளைக்குக் காலைல கம்பெனிக்கு வந்துடும்மா" என்றார் அவர்.