என் முகத்தைப் பார்த்து ஓடியவன்

என்னோடு சீட்டாட யாருக்கும் கசக்காது. நல்ல சீட்டு வந்தால் என் காது சிவந்துவிடும், வராவிட்டால் வாய் தொங்கிவிடும். அமெரிக்காவில், ஃப்ளின்ட் நகர ஃபுட்பால் அணியில் இருந்த அத்தனை தடியர்களும் என் சம்பளத்தில் பியர் குடித்தவர்கள்தான். இந்தக் கேடுகெட்ட முகத்தை நம்பியும் ஒருவன் பிழைத்தான். அவன் பெயர் சால்வு.

எங்கள் ஃபுட்பாலில் பெயரில்தான் கால். முட்டை மாதிரி இருக்கும் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், ஓடுகிறவனை மோதிச் சாய்ப்பதும்தான் ஆட்டம். பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டால் ஆறு புள்ளி. எப்போதாவது காலுக்கும் வேலை வரும். அப்போது எங்கள் அணித் தடியன் ஆர்வில் குனிந்து, தன் தொடைகளுக்கு நடுவே பந்தைப் பின்னால் எறிவான். நான் மண்டியிட்டுப் பிடித்து, தரையில் நிறுத்தி, ஒரு விரலால் அழுத்திக்கொள்வேன். ஒருவன் ஓடி வந்து உதைக்க வேண்டும். இரண்டு கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று புள்ளி.

அறுபத்தேழு ஆகஸ்டில் எங்களுக்கு உதைக்க ஆள் இல்லை. கார் தொழிற்சாலையின் பெயின்ட் பிரிவிலிருந்து மால்ட்டாத் தீவுக்காரன் சால்வு நேராக மைதானத்துக்கு வந்து நின்றான். ஒல்லி உடம்பு, காது மடலில் பச்சைப் பெயின்ட். அந்த நாளில் எல்லோரும் நேராக ஓடிவந்து பெருவிரல் நுனியால்தான் உதைப்பார்கள். இவன் பக்கவாட்டில் போய் நின்றான்.

"ஏம்ப்பா, கம்பம் அந்தப் பக்கம் இருக்கு" என்றார் கோச் ஹான்லன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

அவன் வளைந்து வந்து புறங்காலால் அடித்தான். அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? கனமான கதவை ஒரே அறையில் சாத்தின மாதிரி இருந்தது. பந்து கம்பத்தைத் தாண்டி, வேலியைத் தாண்டி, யாருடைய காய்கறித் தோட்டத்திலோ போய் விழுந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. என் விரல் நுனி வெகுநேரம் அதிர்ந்துகொண்டிருந்தது. மனிதக் காலுக்கு இவ்வளவு முடியுமா? இன்றைக்கும் அதே வியப்புதான்.

அதைவிட வியப்பு, பந்து போன திசையை அவன் பார்க்கவே இல்லை. உதைத்த பிறகும் தலை குனிந்தபடி என் முகத்தையே பார்த்தான்.

"பந்தைப் பாருடா!" என்றேன்.

"தலையைத் தூக்கினா உதை கெட்டுடும். நீ பாரு, நான் உன்னைப் பாக்கறேன். உன் மூஞ்சியில எல்லாம் தெரியுது, வெர்ன்."

கோச் அவனைச் சேர்த்துக்கொண்டார், ஆனால் ஈவு இரக்கமில்லாத ஆள். "ஒண்ணு தவறினாலும் மறுநாளே பெயின்ட் அடிக்கப் போயிடணும், புரிஞ்சுதா?" என்றார். அந்தப் புகைக்கிடங்குக்குத் திரும்பிப் போவதை நினைத்தாலே சால்வுக்கு இருமல் வந்துவிடும். தவறாமல் உதைத்தான். ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்த்துத்தான் சிரித்தான்.

மற்றவர்கள் அவனை ஆட்டக்காரனாகவே மதிக்கவில்லை. ஆர்க்கன்ஸாவிலிருந்து வந்த ஆர்விலுக்கு அவனைக் கிண்டல் பண்ணாவிட்டால் சாப்பாடு இறங்காது. சால்வு தன் அக்கா சுட்ட, பாலாடைக்கட்டி வைத்த பஸ்திட்ஸி பலகாரத்தைக் கொண்டுவருவான். அதில் பாதியை விழுங்கிக்கொண்டே ஆர்வில் ஆரம்பிப்பான்.

"இவன் சட்டையை எதுக்குடா துவைக்கப் போடறீங்க? சேறு பட்டாத்தானே! டேய் சீமான், நீ உதைச்சது எட்டாம போயி, எவனாவது அதைப் பிடிச்சுக்கிட்டு நம்ம பக்கம் ஓடி வந்தா என்னடா பண்ணுவே?"

"எனக்குப் பிடிக்கத் தெரியாதே."

"அப்ப குறுக்க படுத்துக்க. தடுக்கி விழுந்தா எங்க அதிர்ஷ்டம்."

சால்வு மட்டும் சிரிக்கவில்லை. பாடம் கேட்கிறவன் போலத் தலையாட்டிக்கொண்டான்.

நவம்பர் கடைசியில் வந்தது பருவத்தின் இறுதி ஆட்டம். தரை உறைந்து கல்லாகிக் கிடந்தது. நாங்கள் இரண்டே புள்ளி முன்னிலை, நேரம் முடிய ஒரு மூச்சு பாக்கி. பந்தை ஓரமாகத் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். கோச்சுக்குப் பேராசை. மைதானத்தின் பாதியிலிருந்து உதைக்கச் சொன்னார், அதுவும் எதிர்க்காற்றில்.

"முடியுமாடா?" என்று கேட்டேன்.

"முடியாதுன்னு சொல்ல எனக்கு உரிமை இருக்கா?" என்றான் சால்வு.

ஆர்வில் எறிந்தான். நிறுத்தினேன். சால்வு அடித்தான். சத்தம் சரியில்லை. உறைந்த பந்து, கல்லில் கல் மோதின மாதிரி கேட்டது. பந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது, கூட்டம் எழுந்து நின்று கத்தியது, எங்கள் ஆட்கள் கையைத் தூக்கிக் குதித்தார்கள். எட்டாது என்று எனக்கு மட்டும் தெரிந்துவிட்டது. என் வாய் தொங்கியிருக்க வேண்டும்.

சால்வு என் முகத்தைப் பார்த்தான். வேலை போய்விட்டது என்பதும் அதிலேயே அவனுக்குத் தெரிந்திருக்கும். வேறு எவனாக இருந்தாலும் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பான், நான் உட்பட. அவன் ஓடினான். பந்து இன்னும் ஆகாயத்தில் இருக்கிறது, எங்கள் பெரிய பெரிய ஆட்கள் அண்ணாந்து நிற்கிறார்கள், இவன் ஒருத்தன் மட்டும் பின்பக்கம் திரும்பி எங்கள் எல்லைக்கோட்டை நோக்கி ஓடுகிறான்.

கம்பத்தடியில் நின்ற எதிரணிக்காரன், அந்த ஊரிலேயே வேகமான பையன், பந்தைப் பிடித்துக் கிளம்பினான். எங்கள் ஆட்கள் சுதாரிப்பதற்குள் எல்லோரையும் தாண்டிவிட்டான். காலி மைதானம். எங்கள் கோட்டுக்கு முன்னால் அந்த ஒல்லி உடம்பு ஒன்றுதான் பாக்கி.

சால்வு குறுக்கே படுத்தான். சத்தியமாகச் சொல்கிறேன், ஓடுகிறவனின் காலடியில் விறகுக்கட்டை மாதிரி குறுக்கே விழுந்தான். மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. அந்தப் பையன் தலைகுப்புற விழுந்தான். அவன் கணுக்காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு சால்வு விடவே இல்லை. நடுவர் ஊதினார். ஆட்டம் முடிந்தது.

முதலில் அவனை எட்டியது ஆர்வில். "சும்மா கிண்டலுக்குத்தானேடா சொன்னேன், பாவி! நிஜமாவே படுத்துட்டியே!" என்று அழுதான். அவ்வளவு பெரிய உடம்பு அழுது நான் பார்த்ததில்லை. பின்னாலேயே கோச் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். "அடுத்த வருஷமும் இவன்தான்! பெயின்ட்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது, இவன்தான்!" கிட்டே வந்ததும் கீழே பார்த்தார். ஆட்டிய கை அப்படியே இறங்கியது. வலது கால், அந்தக் கால், முழங்காலுக்குக் கீழே போகக் கூடாத பக்கம் போயிருந்தது.

நான் மண்டியிட்டேன், பந்து நிறுத்தும்போது மண்டியிடுகிற அதே மாதிரி.

"கோட்டைத் தாண்டிட்டானா?" என்றான் சால்வு.

"இல்லடா. நாம ஜெயிச்சுட்டோம்."

அவன் காலைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான். நான் சிரித்தேன். அவன் அக்காவின் பஸ்திட்ஸியை நினைத்துக்கொண்டேன், அந்த முதல் உதையை நினைத்துக்கொண்டேன், உள்ளே இருந்த சந்தோஷத்தையெல்லாம் வாரி முகத்தில் பூசிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பாடுபட்டு நான் எதையும் செய்ததில்லை.

அவன் வெகுநேரம் பார்த்தான். பிறகு மண் ஒட்டிய கையால் என் கன்னத்தைத் தட்டினான்.

"உனக்கு இன்னும் சீட்டாட வரல, வெர்ன்" என்றான். அப்புறம்தான் குனிந்து காலைப் பார்த்தான்.