மற்றக் கால்

…இல்லை என்றது பொய்யில்லையே, குளிரவில்லைதான், டொக்டர் நிஸார் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை வலது பாதத்தில் இழுத்து "குளிருதா ஹாஜியார்?" என்று கேட்டார், குளிரவில்லை, இல்லை என்றார், அதற்கு டொக்டர் ஏன் இப்படிப் பூரிக்க வேண்டும், கொழும்பிலிருந்து பார்க்க வந்த டொக்டர்மார் மூன்று பேரிடமும் "ஏழே நிமிஷம்!" என்று ஏழு விரலைக் காட்டுகிறார், அவர்களும் தலையை ஆட்டுகிறார்கள்… கால் மரக்கப் போட்ட ஊசிக்கு முன்னும் இதே பஞ்சால் இதே கேள்வியைக் கேட்டார், அப்போது "ஓம், நல்லாத் தெரியுது" என்று சொன்னதுதான் பொய். நாலு வருஷமாக அந்தக் காலில் குளிரும் இல்லை, சூடும் இல்லை. ஆனால் அல்ஹாஜ் தேசகீர்த்தி முத்தலிபு ஜே.பி. கால் மரத்தவர் என்று எப்படிச் சொல்வது, அதுவும் நீரிழிவு விழிப்புணர்வுச் சங்கத்தின் தலைவர்… ஆஸ்பத்திரிப் பெட் டிக்கட்டில் அல்ஹாஜும் இல்லை, தேசகீர்த்தியும் இல்லை, "முத்தலிபு, 63, சீனி வருத்தம்" என்று மட்டும் கிறுக்கியிருக்கிறார்கள், போகட்டும். ஸ்கேன் கருவியின் திரையில் டொக்டர் நரம்பைக் காட்டினார், முழங்காலுக்குப் பின்னால் தேன்கூடு மாதிரி ஒரு வட்டம், ஊசி வெள்ளைக் கோடாக வந்து அதன் அருகே நின்றது, மருந்து கறுப்புத் தண்ணீராக அதைச் சுற்றி வளைத்தது, களப்புத் தண்ணீர் தீவைச் சுற்றுகிற மாதிரி, எவ்வளவு மரியாதை, எவ்வளவு கவனம்… வண்ணாத்திவில்லுவில் ஒரு தண்ணீர்க் குழாயைத் திறந்துவைக்க இவரைக் கூப்பிட்டார்கள், மாலை, பொன்னாடை, நாடா வெட்டு எல்லாம் முடிந்து குழாயைத் திருகினால் காற்றுத்தான் வந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். இன்றைக்கு அந்தக் குழாய் இவர்தானா?

நெஞ்சுக்கு மேலே பச்சைத் துணியைக் கட்டிவிட்டார்கள், இனிக் கால் எதுவும் தெரியாது, அந்தப் பக்கம் சாமான்கள் தட்டில் விழும் சத்தம் மட்டும். ஐந்து விரலையும் வெட்டவேண்டும் என்று காலையில் சேர்ஜன் சொன்னார். ஐந்தும். ஒரு அத்தர் குப்பியின் மூடிக்காக… சங்கத்தின் நடைபவனி அன்றைக்குப் புதுச் சப்பாத்து, தோளில் பச்சைப் பட்டி, கையில் ஒலிவாங்கி, "உங்கள் பாதங்களைக் கவனியுங்கள்!" என்று புத்தளம் பஸ் நிலையத்திலிருந்து மூன்று மைல், முன்வரிசையில், வீடியோக்காரனுக்காகச் சிரித்துச் சிரித்து. பின்னேரம் மனைவி உம்மு குல்தூம் காலுறையை உரித்தபோது இரத்தத்தோடு, உள்ளே கிடந்த அந்த அத்தர் மூடியும் வந்தது. "என்னங்க இது, இவ்ளோ நேரமும் இதுக்கு மேலயா நடந்த?" என்று கேட்டாள். "ஒண்டுமில்ல, சத்தம் போடாத" என்றார். அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கும். அதற்கும் முந்தி, பள்ளிவாசலிலிருந்து ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தாரே, எங்கே கழன்றதென்று காலுக்குத் தெரியவில்லை, மறுநாள் பள்ளியில் செருப்புக் களவு போகிறது என்று கூட்டம் போட்டு, அறிவித்தல் பலகை அடித்து, அதன் கீழே தன் பெயரையும் பட்டங்களையும் எழுதுவித்தார். செருப்பை மீன் கடைக்கார ஜபார் இவர் வீட்டு ஒழுங்கையில் பொறுக்கிக் கொண்டுவந்து "ஹாஜியார், கள்ளன் உங்கட வாசல் வரைக்கும் வந்து மனம் மாறிட்டான் போல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். சிரிக்காமல் அன்றைக்கே சொல்லியிருந்தால்… கிளினிக்கில் தூண்டில் தங்கூசி மாதிரி ஒரு நூலால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள், கண்ணை மூடச் சொல்வார்கள், இவர் இமைக்குக் கீழால் பார்த்துப் பார்த்து "ஓம்… ஓம்… ஓம்" என்று ஒவ்வொரு முறையும் முழுப் புள்ளி வாங்கினார், ஊரை ஏமாற்றினார், சரி, ஆனால் அந்தப் புள்ளிகளை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது?

இடது கால். அதை நினைக்கக்கூடாது. மூன்று நாளைக்கு முன் முகச்சவரக் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தபோது சின்ன விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் வெள்ளையாய், ஈரமாய்… கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டார். "மற்றக் கால் நல்லா இரிக்கிறதால பயமில்ல, அதை ஊண்டி நடந்திருவீங்க" என்றாரே சேர்ஜன், அப்போது சொல்லியிருக்கலாம். இப்போதும் சொல்லலாம். இப்போது சொன்னால் அந்தக் கால் மிஞ்சும். சொன்னால் வலதும் முன்பே மரத்தது தெரியவரும், ஏழு நிமிஷமும் போகும், டொக்டர் கொழும்பாட்கள் முன்னால் எந்த முகத்தை வைத்துக்கொள்வார், ஜபார் என்ன சொல்வான், சங்கம்… அடுத்த மாதம் பரிசளிப்பு விழா, கதிரையில் உட்கார்ந்திருக்கக் கால் தேவையில்லை, மேடைக்கு ஏறத் தேவை. வெட்டும்போது வலித்தால்? வலித்தால் நல்லது, யா அல்லாஹ், ஒரு தடவை வலிக்கட்டும்…

"ஹாஜியார், ஒத்துப் பாக்க மற்றக் காலயும் பாக்கப் போறன்," துணிக்கு அந்தப் பக்கம் நேர்ஸ் முனவ்வராவின் குரல். "குளிர் தெரியுதா?"

"ஓம், ஓம். நல்லா… ஐஸ் மாதிரி."

டொக்டர் நிஸார் விருந்தாளிகளுக்குத் திரையில் இன்னும் எதையோ காட்டிக்கொண்டிருந்தார். முனவ்வரா துணியைச் சுற்றி வந்து தலைமாட்டில் குனிந்தாள், பஞ்சு கையிலேயே இருந்தது.

"நான் இன்னும் தொடவே இல்ல, ஹாஜியார்."

பகிடிக்குச் சொன்னேன் என்று சொல்லலாம், வாயில் அதுதான் வந்தது, அவள் சிரித்திருந்தால் சொல்லியும் இருப்பார். சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை.

"எவ்ளோ நாளா?" என்றாள் மெதுவாக.

நாலு வருஷம்… வலதுக்கு நாலு வருஷம், இடதுக்கு? இந்த ஒரு தடவை சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று அவர் பின்னோக்கிப் போனார், கடைசியாக அந்தக் கால் எதை உணர்ந்தது, தொழுகைக்கு வுழுவெடுத்த தண்ணீரா, ஆலங்குடாக் கரையில் சுட்ட மணலா, போர்வைக்குள்ளே உம்மு குல்தூமின் கால் பட்டதா, ஒவ்வொன்றிலும் தண்ணீர் இருந்தது, மணல் இருந்தது, அவள் இருந்தாள், கால் மட்டும் இல்லை, பஞ்சிலிருந்து ஸ்பிரிட் சொட்டுச் சொட்டாக முனவ்வராவின் விரல் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது, அவள் காத்திருந்தாள்…