சின்னசாமிக்குப் பதிலா கீழ போனவன்

"இன்னாடா பெரிய மேனேஜரு? ஒதை வாங்கறது நாம, கோட்டு போட்டுக்கினு நிக்கறது அந்தாளு!"

"வாயை மூடு டேவிட். அவரு துரைகிட்ட பேசலைன்னா இந்நேரம் நீ கீழ சுரங்கத்துல டப் வண்டி தள்ளிக்கினு இருப்ப."

"அவன் மட்டும் இன்னா, போன வருசம் வரைக்கும் என்கூட டப் தள்ளுனவன்தானே? உன் பதிலி யாருன்னு கேட்டியே, சொன்னானா? முழுங்கிட்டான்!"

"ஆள் போட்டாச்சுன்னாரு. அது போதும் எனுக்கு."

டேவிட்டும் சின்னசாமியும் பேசறதைத் தட்டிக்கு வெளிய நின்னு கேட்ட மரியகுழந்தை, உள்ள போகாம திரும்பிட்டான்.

இது நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து மூணு வாக்குல. கோலார் தங்கவயல்ல சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்து புட்பால் டீமைப் பாத்துக்க சம்பளம் போட்டு ஒரு ஆளை வெச்சாங்க. நம்மாளுங்கள்ல அந்த வேலைக்கு வந்த மொத ஆளு மரியகுழந்தை. ஆள் பொறுக்கறது, ஷிப்டுலருந்து லீவு வாங்கறது, மத்த டீமோட ஆட்டம் பேசறது எல்லாம் அவன்தான். சுரங்கத்தை நடத்துற டக்ளஸ் துரை ஒரே வார்த்தைதான் சொல்லியிருந்தான்: "கப் ஜெயிச்சா இந்த வேலை உனக்கு. இல்லேன்னா திரும்பவும் கேஜ்ல ஏறிடு." கேஜ்னா ஆளுங்களைச் சுரங்கத்துக்குள்ள எறக்கற கூண்டு. மரியகுழந்தைக்கு ஏற்கெனவே நெஞ்சுல பாறைத் தூசி. மறுபடி கீழ போனா எத்தினி நாளுன்னு அவனுக்கே தெரியும்.

அந்தக் காலத்துல லீவு போட்டா தன் எடத்துல ஒரு பதிலி ஆளை அனுப்பணும். இல்லேன்னா மேஸ்திரி விடமாட்டான். சின்னசாமி இல்லாம கோல் விழாது. ஆனா அவனுக்குப் பதிலா போக ஒருத்தனும் ஒத்துக்கல. கடைசில சின்னசாமியோட அண்ணன் முனிரத்தினத்தைப் போய் கெஞ்சுனான் மரியகுழந்தை. காய்ச்சல்ல கெடந்து அப்பத்தான் எழுந்தவன் அவன். வேற லைன் வூட்ல தனியா குடியிருந்தான்.

"தம்பிக்குத் தெரிஞ்சா ஆட வரமாட்டான். சொல்லாதீங்க"ன்னு மரியகுழந்தை சொன்னான். முனிரத்தினமும் சிரிச்சுக்கினே சரின்னான்.

கப்புக்கான கடைசி ஆட்டம் ஆரம்பிச்சுது. பக்கத்து சுரங்கத்து நந்திதுர்க் டீம் மாடு மாதிரி முட்டுனாங்க. ரொம்ப நேரம் கழிச்சு சின்னசாமி ஒரு கோல் போட்டான். கொஞ்ச நேரந்தான் பாக்கி. துரை சுருட்டு பத்த வெச்சுக்கினு மரியகுழந்தையைப் பாத்து தலையாட்டுனான்.

அப்பத்தான் சுரங்கத்துச் சங்கு ஊதுச்சு. ஷிப்டு மாறுற நேரம் இல்ல. விட்டு விட்டு ஊதுச்சு. கீழ பாறை வெடிச்சிருக்கு. அதுவும் நம்ம ஷாப்ட்டுல, நம்மாளுங்க எறங்கற குழியில.

அந்தச் சங்கு கேட்டா கையில இருக்கறதைப் போட்டுட்டு ஷாப்ட் வாசலுக்கு ஓடணும். கோலார்ல எந்த வூட்லயும் அதுதான் வழக்கம். வேடிக்கை பாத்தவங்க பாதி பேரு அப்பவே ஓடிட்டாங்க. டீம் மட்டும் மரியகுழந்தை மூஞ்சியைப் பாத்துக்கினு நின்னுது.

"ஒருத்தனும் நகரக்கூடாது! போனா தோத்த மாதிரி!" துரை கத்துனான். அப்புறம் மெதுவா, "மரியகுழந்தை, யோசிச்சுக்கோ."

சின்னசாமி கிட்ட வந்தான். மூச்சு வாங்குது.

"அண்ணே, என் பதிலிக்கு யாரு போனது?"

'யாரோ திருப்பத்தூர் ஆளு'ன்னு சொல்லிட்டா போதும். ஆட்டம் முடிஞ்சிடும், வேலை நெலைச்சிடும். அந்தப் பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு.

"உங்க அண்ணன்" அப்டின்னான் மரியகுழந்தை.

சின்னசாமி அவன் சட்டையைப் புடிச்சான். உலுக்கல, அடிக்கல. அப்டியே வுட்டுட்டு ஓடுனான். பின்னாடியே டேவிட்டு, மத்தவங்க. நந்திதுர்க் பசங்களும்தான். மரியகுழந்தை கோட்டைக் கழட்டி துரை நாற்காலி மேல போட்டுட்டு ஓடுனான்.

ஷாப்ட் வாசல்ல பொம்பளைங்க அழுகை. மொத கேஜ் வந்துச்சு, முனிரத்தினம் இல்ல. அடுத்ததுலயும் இல்ல. கடைசில தூக்கிக்கினு வந்தாங்க. உசுரு இருந்துச்சு, ஒரு கால் நசுங்கிப் போச்சு.

"அவனை ஒண்ணும் சொல்லாதடா, ஒத்துக்கினவன் நான்தானே"ன்னு முனிரத்தினம் தம்பிகிட்ட முனகுனான்.

அந்த வாரமே மரியகுழந்தை கேஜ்ல ஏறுனான். பக்கத்துல நின்னது சின்னசாமி. "தம்பி"ன்னு கூப்ட்டான். சின்னசாமி திரும்பல. அதுக்கப்புறம் ஒரு நாளும் பேசல.

அண்ணனே மன்னிச்சிட்டான். கேட்ட எடத்துல உண்மையைச் சொல்லி மரியகுழந்தையும் வேலையை எழந்துட்டான். நீங்க சின்னசாமியா இருந்தா பேசியிருப்பீங்களா, மாட்டீங்களா? மனசுல பட்டதைக் கீழ எழுதுங்க. ஒவ்வொண்ணையும் படிப்பேன்.