டோர்பென் முதன்முறையாகத் திரும்பி வந்த ஊர்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. அறைச்சாவி கேட்டு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றது. கிராக்கோவ் நகரில், முதுகுப்பையோடு ஊர் சுற்ற வருகிறவர்கள் தங்கும் விடுதியில் நான் வரவேற்பில் இருக்கிறேன். என்ன வேலை என்று யாராவது கேட்டால் எழுத்தாளர் என்பேன். ஒன்பது வருடமாக யாரும் கேட்கவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அக்டோபர் மூடுபனியில் விஸ்துலா நதி ஒரு பழைய ரகசியம் போல..." [வேண்டாம். அன்று நல்ல வெயில்.]

வந்தவர் பெயர் டோர்பென். டென்மார்க்கில் பஸ் ஓட்டுபவர், ஐம்பத்தொன்பது வயது. புத்தம்புது முதுகுப்பையில் விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு இளவட்டங்கள் நிறைந்த அறையில் மேல்கட்டில்தான் கிடைத்தது. ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, தணிந்த குரலில் கேட்டார்:

"முப்பத்தேழு வருஷத்துக்கு முன்னாடி இந்த ஊர் எப்படி இருந்துதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

2

விஷயம் இதுதான். 1987-இல் டோர்பென் தனியாக போலந்துக்குப் போவதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். ரயிலில் பயம் பிடித்துக்கொண்டது. இரண்டாவது ஸ்டேஷனிலேயே இறங்கி, நண்பனின் கடற்கரைக் குடிலில் இரண்டு வாரம் ஒளிந்திருந்தார். திரும்பிப் போய், கிராக்கோவைச் சுற்றிவிட்டு வந்ததாகக் கதை சொன்னார். கேட்டவர்களில் ஒருத்தி பெண்டே. அவளைத்தான் பிறகு கல்யாணம் செய்துகொண்டார்.

இப்போது மகள் சிக்னேவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கிராக்கோவ்காரன், கல்யாணமும் அடுத்த மாதம் இங்கேதான். சம்பந்தி லூட்விக் ஆசையாகக் கடிதம் போட்டிருந்தார்: முன்னதாகவே வாருங்கள், நீங்கள் அன்று சுற்றிய இடத்தையெல்லாம் குடும்பத்தோடு போய்ப் பார்ப்போம்.

அதனால், கோப்பன்ஹேகனில் பயிற்சி வகுப்பு என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, இரண்டு நாளில் ஊரைப் படித்துக்கொண்டு போக வந்திருக்கிறார்.

[இங்கே பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. இப்படியும் ஒரு மனிதர் இருப்பாரா? பிறகு, என் நாவல் அச்சில் இருப்பதாக ஏழு வருடமாக அம்மாவிடம் சொல்லிவருவது ஞாபகம் வந்தது. மேலே எழுதினேன்.]

3

மறுநாள் எனக்கு விடுமுறை. கூடப் போனேன்.* தான் சொன்ன பொய்களையெல்லாம் ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருந்தார். மூன்றாவது பொய்: ஆற்று நடைபாலத்துக்கு அடியில் ஒரு ராத்திரி படுத்துத் தூங்கியது. பாலத்தை ஏதோ பத்திரிகைப் படத்தில் பார்த்துப் பின்னால் சேர்த்துக்கொண்டாராம்.

"இந்தப் பாலம் கட்டிப் பதினாலு வருஷந்தான் ஆகுது, டோர்பென்," என்றேன்.

அவர் நோட்டைப் பார்த்தார், பிறகு பாலத்தைப் பார்த்தார்.

"அப்ப நான் எங்க படுத்தேன்?" என்று உண்மையான கவலையோடு கேட்டார்.

[ஒரு வரைவில் இந்த இடத்தில் லூட்விக் சைக்கிளில் வந்து டோர்பெனைக் கையும் களவுமாகப் பிடிக்க வைத்தேன். எட்டு லட்சம் பேர் இருக்கிற ஊர். வெட்டிவிட்டேன்.]

* இரக்கத்தால் என்று எழுதியிருந்தேன். கதை கிடைக்கும் என்றுதான்.

4

இரண்டாம் நாள் தனியாகப் போனார். மதியம் வருவதாகச் சொன்னவர் நாலு மணிக்கு வந்தார். சட்டையெல்லாம் தூசி, கட்டைவிரலில் துணிக்கட்டு.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் வழி தவறியிருக்கிறார். ஒரு சந்தில் ஒரு பெண் பெரிய துணி அலமாரியின் ஒரு முனையைப் பிடித்தபடி நின்று, இவரைப் பார்த்து போலிஷில் ஏதோ சொல்லியிருக்கிறாள். இவர் மறுமுனையைப் பிடித்தார். நாலு மாடி. மூன்றாவது திருப்பத்தில் அலமாரி சிக்கிக்கொள்ள, ஆளுக்கொரு பக்கம் படியில் உட்கார்ந்துவிட்டார்கள். அவள் போலிஷில் திட்டினாள். இவர் டேனிஷில் பதிலுக்குத் திட்டினார். அரைமணி நேரத்தில் இரண்டு பேருக்கும் சிரிப்பு. மேலே போய்ச் சேர்ந்ததும் புளித்த மாவு சூப்பில் முட்டை வெட்டிப் போட்டுக் கொடுத்தாள். இரண்டு கிண்ணம் குடித்தாராம்.

இதையெல்லாம் கையை ஆட்டி, எழுந்து நின்று, படியேறிக் காட்டிச் சொன்னார். பிறகு சட்டென்று உட்கார்ந்துவிட்டார்.

"இதை நான் யார்கிட்டயும் சொல்ல முடியாது. நான் இங்க வரவே இல்லையே."

5

எழுத்தாளராக நான் ஒரு யோசனை சொன்னேன்: அலமாரியை 1987-க்குத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

"அந்தப் பொண்ணுக்கு இப்பவே நாப்பது ஆகியிருக்காது."

"வயசக் கூட்டிக்கலாம்."

"கூட்டிக் கூட்டித்தானே இப்படி ஆச்சு," என்றார். "பெண்டேவுக்கு அந்தக் கதையாலதான் என்னைப் பிடிச்சுது. அதை எடுத்துட்டா மிச்சம் என்ன? பஸ் ஓட்டற ஒருத்தன்."

[இங்கே, "அலமாரி தூக்கின ஒருத்தனும் இருக்கான்," என்று நான் சொன்னதாக எழுதியிருந்தேன். சொல்லவில்லை. டிராமில் வீட்டுக்குப் போகும்போதுதான் தோன்றியது.]

6

முடிவுகள் இரண்டு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார். பெண்டே அழுது, சிரித்து... [இனிப்பு அதிகம்.] இன்னொன்றில் கல்யாணத்தன்று, பொய்ப்பாலத்தின் மேல், மொத்தக் குடும்பமும்... [எனக்கே நெஞ்சு பொறுக்கவில்லை.]

நடந்தது இவ்வளவுதான். விமான நிலையத்துக்குப் போகும் ரயில் வரை வழியனுப்பப் போயிருந்தேன். நடைமேடையில் அவர் போன் அடித்தது. திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். எடுக்கட்டுமா என்று கேட்பதுபோல இருந்தது. நான் தோளைக் குலுக்கினேன். என் இலக்கியப் பங்களிப்பு அதுவே.

எடுத்தார். டேனிஷில் பேசினார். எனக்கு அந்த மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. "பெண்டே" என்றார். நீளமாக ஏதோ சொன்னார். "கிராக்கோவ்" என்று இரண்டு முறை வந்தது. அது கல்யாணப் பேச்சாகவும் இருக்கலாம். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றார். ரயில் வந்தது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே ஏறினார், கதவு மூடியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் இரண்டு கையையும் விரித்து, எதையோ தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கியிருந்தார். அவ்வளவு அகலமாக எதைத் தூக்குகிறார் என்று நீங்களே சொல்லுங்கள். நான் எழுதினால் கெடுத்துவிடுவேன்.