பூட்டிய கடைக்குத் தொண்ணூற்றெட்டு மார்க்

பொய் சொல்லச் சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதுவும் காலைக் காபி உள்ளே இறங்குவதற்கு முன்னால் சொன்னால் கேட்கவே வேண்டாம்.

டிரென்ட் அப்படித்தான் சொன்னான். டுலூத் நகரத்தில் கடைகளுக்கு வலைத்தளம் கட்டித் தரும் எங்கள் சின்ன நிறுவனத்துக்கு அவன்தான் முதலாளி. அன்று நார்மா கிவெலா வருவதாக இருந்தது. வீட்டைச் சூடாக்கும் விறகு அடுப்புகளுக்குக் கண்ணாடி, கதவு, தட்டு என்று உதிரிபாகம் விற்பவர். செப்டம்பரில் நாங்கள் கட்டிய புதுத் தளத்துக்கு மாறியதிலிருந்து அவருக்கு ஆர்டரே இல்லை. பனி கொட்டுகிற இந்த மாதங்கள்தான் அவருக்குச் சோறு போடுபவை. இப்படியே போனால் கிறிஸ்துமஸுக்குள் கடையை மூடிவிடுவேன் என்று போனில் சொல்லியிருந்தார்.

"தளம் நல்ல ஆரோக்கியமா இருக்கு, நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு. அதை மட்டும் நீ காட்டு" என்றான் டிரென்ட். "ஜனங்க இப்போ விறகு அடுப்பைத் தேடறதில்ல, விளம்பரம் போட்டாதான் ஆகும்னு மிச்சத்தை நான் பேசிக்கறேன்."

"அந்த மார்க் செல்லாது டிரென்ட். உங்களுக்கே தெரியும்."

தளம் அரைகுறையாக இருக்கும்போது யார் கண்ணிலும் படக் கூடாது என்று தேடுபொறிகளுக்கு ஒரு பூட்டுப் போட்டு வைப்போம். அமைப்புப் பக்கத்தில் ஒரே ஒரு டிக்தான். தளத்தைத் திறக்கும் நாளில் அதை எடுத்துவிட வேண்டும். பூட்டு இருந்தால், தளத்துக்கு மார்க் போடும் எங்கள் சோதனை மென்பொருளும் உள்ளே போகாது என்பதால், அதற்கு மட்டும் சுவரேறிக் குதிக்கச் சொல்லி வைத்திருக்கிறோம். அதுவே பழகிவிட்டது.

வெள்ளிக்கிழமை தளம் திறக்காதே, கோளாறு வந்தால் சனி ஞாயிறில் பார்க்க ஆள் இருக்காது என்பது எங்கள் தொழிலில் வேதவாக்கு. டிரென்ட் நார்மாவின் தளத்தை ஒரு வெள்ளி மதியம் திறந்துவிட்டு, மீன் பிடிக்க ஏரிக்குக் கிளம்பிவிட்டான். டிக்கை எடுக்கவில்லை. சோதனையோ சுவரேறிக் குதித்து உள்ளே போய், எல்லாம் பிரமாதம் என்று பச்சை காட்டிக்கொண்டிருந்தது. கடைக்குள் ஈ காக்கை இல்லை. நார்மா வருவதற்கு முந்தின நாள் நான் உட்கார்ந்து கையால் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது; டிரென்டிடமும் அப்போதே சொல்லிவிட்டேன்.

"பூட்டை நைசா எடுத்துடலாம். அவங்ககிட்ட வாயைத் திறக்காத" என்றான் டிரென்ட்.

"எடுத்துட்டு, பழியை அவங்க சரக்கு மேல போடுவீங்க. விளம்பரத்தையும் தலையில கட்டுவீங்க. அப்படித்தானே?"

"உனக்கு வேலை வேணுமா வேண்டாமா ரோவீனா?"

"வேணும். அதுக்காக முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க மாட்டேன்."

நார்மா பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். டிரென்ட் தொண்ணூற்றெட்டு என்று காட்டும் பச்சை வட்டத்தைச் சுவர்த் திரையில் போட்டு, காலம் மாறிப்போனதைப் பற்றிப் பேசினான். பத்துப் பேரை வாயால் மடக்கும் நார்மா அன்று தலையை மட்டும் ஆட்டினார்.

"அப்போ மூடிட வேண்டியதுதான்" என்றார் கடைசியில்.

நான் பச்சை வட்டத்தை மூடிவிட்டு, தேடல் பெட்டியில் அவர் கடையின் பெயரையே தட்டினேன். ஊரிலுள்ள மற்ற கடைகள் எல்லாம் வந்தன. அவருடையது வரவில்லை.

"உங்க சரக்குல ஒரு குறையும் இல்ல நார்மா. நாங்கதான் உங்க கடையைப் பூட்டி வெச்சிருக்கோம்."

"எழுந்து வெளிய போ" என்றான் டிரென்ட்.

"போறேன். சொல்லி முடிச்சுட்டுப் போறேன்."

வெள்ளிக்கிழமை, ஏரி, டிக், சுவரேறிக் குதித்த சோதனை என்று ஒன்று விடாமல் சொன்னேன். நார்மா டிரென்டை நிதானமாகப் பார்த்தார்.

"ஏம்ப்பா, மீனாவது பெருசா மாட்டுச்சா?"

டிரென்ட் எழுந்து சுவர்த் திரையை அணைத்தான்.

"அந்தப் பூட்டு எங்க இருக்கு, காட்டும்மா" என்று நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த டிக்கை அவரே எடுத்தார். நான் என் காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டு அவரோடு வெளியே வந்தேன்.

அடுத்த வாரம் நார்மா கேட்டுக்கொண்டபடி அவர் கடையில் உட்கார்ந்து தளத்தின் மற்ற இடங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. வடக்கே ஈலி என்ற ஊரிலிருந்து ஒருவர், அடுப்புக் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டதாம், வீடு உறைகிறதாம்.

"எத்தனை நாளாத் தேடறேன், இன்னிக்குத்தான் கண்ணுல பட்டீங்க. கடை புதுசா?" என்று அவர் கேட்டது எனக்கும் கேட்டது.

"கடைக்கு என் வயசு" என்றார் நார்மா. "நாங்க ஒரு நாளும் மூடலப்பா. எந்த அடுப்பு, சொல்லு."