பனி உறையாத ஊரில் ஒரு தாமரைத் தடாகம்

தியாகலிங்கத்தின் தாமரைத் தடாகத் திறப்பு விழாவில் முதலில் உடைந்தது தேங்காய். இரண்டாவதாக உடைந்தது கீர்த்திகனின் மூக்கு. தேங்காயை மூன்று தரம் அடிக்கவேண்டியிருந்தது. மூக்கு ஒரே அடியில் உடைந்தது.

அடித்த பொருள் ஒலிவாங்கி. அந்தப் பதற்றத்தில் அதை நிற்பாட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆகவே ஒரு பெரியப்பா தன் தம்பி மகனின் மூக்கெலும்பை உடைக்கும் சத்தம், வேப்பமரத்தில் கட்டியிருந்த இரண்டு ஒலிபெருக்கிகள் வழியாக வேலணைச் சந்தி வரைக்கும் போனது. அங்கே பஸ்ஸுக்கு நின்ற சனம் பட்டாசு என்று நினைத்ததாம்.

தியாகலிங்கத்துக்கு அறுபத்து மூன்று வயது. முப்பது வருடத்துக்கு மேல் கனடாவில் இருந்தவர். அங்கே பாண் சுடும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தார். ஊருக்குத் திரும்பி வந்த பிறகு அது 'உணவு உற்பத்தித் துறை' ஆகிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் சிறிய குளம் ஒன்று கட்டி, நீர்த்தோட்டக் கழகம் ஒன்றில் உப செயலாளராகவும் இருந்திருக்கிறார். கழகத்தில் மொத்தம் ஒன்பது பேர். அதில் நாலு பேர் உப செயலாளர்கள். மனைவி ஊருக்கு வர மறுத்துவிட்டார். இன்னொரு குளத்தைத் தன்னால் தாங்க ஏலாது என்று சொன்னதாகக் கேள்வி.

வேலணையில் அவருக்கிருந்தது அப்பா பிரித்துக் கொடுத்த வளவில் பாதி. மற்றப் பாதி தம்பிக்கு. தம்பி இருதய வருத்தத்தில் செத்து ஏழு வருடம். இப்போது அதில் தம்பியின் மனைவி சறோஜினிதேவியும் மகன் கீர்த்திகனும் புகையிலை வைக்கிறார்கள். வளவைத்தான் பிரிக்க முடிந்தது, நடுவில் இருந்த கிணற்றைப் பிரிக்க முடியவில்லை. காணி உறுதியில் ஆளுக்கு அரைப்பங்கு என்று எழுதியிருந்தது. சுற்றுவட்டாரத்துக் கிணறுகள் எல்லாம் கால் கழுவத்தான் உதவும். இந்த ஒரு கிணற்றில்தான் நல்ல தண்ணீர். சறோஜினிதேவியின் தேத்தண்ணி, பசு, புகையிலை எல்லாம் அந்தத் தண்ணீரை நம்பித்தான் இருந்தன.

தை மாதத்தில் குளம் கிண்ட வந்தவர் மண்டைதீவு அருளப்பு. மண் கிண்டும் பெக்கோ இயந்திரம் அவருடையது. தீவுப்பகுதியில் நிலம் கிண்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சாணுக்கு ஒரு தரம் இறங்கி, ஊறும் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைப்பார்கள். கரித்தால் அதோடு சரி. மூன்றடியில் அருளப்பு இறங்கி, நாக்கில் வைத்து, இயந்திரத்தை நிற்பாட்டினார்.

"இதோட காணும் அண்ணை. தகட்டுக்கல்லு வந்திட்டுது. இது சட்டி மாதிரி. மேல நல்ல தண்ணி, கீழ கடல். இதை உடைச்சால் குளத்திலயும் தண்ணி நிக்காது, கிணறும் கெட்டுப்போம்."

"அஞ்சடி வேணும்."

"தாமரைக்கு மூண்டடி தாராளம்."

"தாமரைக்கில்லை, மீனுக்கு. குளிர்காலத்தில மேல்தண்ணி உறையேக்க மீன் அடியில போய்ப் படுக்கோணும். அஞ்சடிக்குக் குறைஞ்சால் விறைச்சுச் செத்துப்போம். இது சர்வதேச நியமம்."

அருளப்பு வானத்தைப் பார்த்தார். வியர்வையில் சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது.

"இஞ்ச எப்ப அண்ணை உறையிறது?"

"நியமம் எண்டால் நியமம். ஊருக்கு ஊர் மாத்த ஏலாது. நீர் உம்மட வேலையைப் பாரும்."

அருளப்பு தன் வேலையைப் பார்த்தார். கல் உடைந்த இடத்தில் தண்ணீர் கொப்பளித்து வந்தது. "இயற்கை ஊற்று!" என்று தியாகலிங்கம் கைதட்டினார். அருளப்பு விரலை நனைத்து நக்கி, துப்பி, பெக்கோவைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஒன்றை மறைக்கக்கூடாது: குளம் வடிவாகத்தான் இருந்தது. ஒரு கரையில் கல் அடுக்கிச் செய்த செயற்கை நீர்வீழ்ச்சி விழுந்தது. கொழும்பிலிருந்து பெட்டியில் வந்த செவ்வெள்ளை மீன்கள் தாமரை இலைகளுக்குக் கீழே போய் வந்தன. தும்பிகள் வந்தன. எங்கிருந்தோ ஒரு மீன்கொத்தியும் வந்தது. காலையில் பூ விரியும் நேரம் தியாகலிங்கம் கதிரையைப் போட்டு உட்கார்ந்தால் வாய் பேசாமல் இருப்பார். அவரைப் பொறுத்தவரை இது அதிசயம். பின்னேரங்களில் கீர்த்திகன்கூடக் கரையில் குந்தி, சோற்றுப் பருக்கையை மீனுக்குப் போட்டுச் சிரித்திருக்கிறான்.

ஆனால் அடி உடைந்த குளத்தில் தண்ணீர் நிற்கவில்லை. தியாகலிங்கம் அசரவில்லை. கிணற்றில் பம்பைப் பூட்டி, விடியத் தொடங்கி மைம்மல் இருட்டு வரை இறைத்துக் குளத்தை நிரப்பினார். கிணறு வற்றவுமில்லை. மேலே இறைத்த அளவு கீழேயிருந்து வந்தது. வந்தது எது என்பதுதான் பிரச்சினை.

முதலில் சறோஜினிதேவியின் தேத்தண்ணி கரித்தது. பிறகு பசு வாளிக்குள் மூக்கை விட்டுத் திருப்பி எடுத்தது. மாசி முடியும்போது புகையிலை இலைகளின் ஓரம் நெருப்பில் காட்டியதுபோல் கருகத் தொடங்கியது. வெட்டுக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது.

சறோஜினிதேவி வேலிக்கு வந்தாள்.

"அத்தான், பம்பை நிப்பாட்டுங்கோ. கிணறு உப்பாப் போச்சுது."

"அது உம்மட பிரமை, சறோ."

"பிரமை எண்டால் ஒரு மிடறு குடிச்சுப் பாருங்கோ."

"நான் போத்தல் தண்ணிதான் குடிக்கிறனான். கிணத்துத் தண்ணி எனக்கு ஒத்துக்கொள்ளாது."

"அந்தத் தண்ணியிலதானே வளர்ந்தனீங்கள்?"

"உறுதியைப் பாரும். அரைப்பங்கு என்ர. நான் என்ர பாதியைத்தான் இறைக்கிறன். உம்மட பாதியில கை வைக்கேல்லை."

"அப்ப உப்பிலயும் பாதி உங்களுக்குத்தானே. வந்து குடியுங்கோவன்."

அவர் வரவில்லை. அடுத்த நாள் தாகத்தில் பசு வேலியைப் பிரித்துக்கொண்டு போய்க் குளத்தில் வாய் வைத்தது. அதுவும் கரிக்க, தண்ணீரை விட்டுவிட்டுத் தாமரையைத் தின்றது. தியாகலிங்கம் மண்வெட்டியால் அடித்தார். கொம்பு அடியோடு முறிந்து தோலில் தொங்கியது. இரத்தம் வழிய அது வீட்டுக்கு ஓடிவந்ததைக் கண்ட கீர்த்திகன், கத்தியோடு போய்ப் பம்புக் குழாயை ஏழு துண்டாக வெட்டினான். ஏழு துண்டையும் தியாகலிங்கம் சாட்சிப் பொருளாகக் குளக்கரையில் அடுக்கிவைத்துவிட்டு, புதுக் குழாய் பூட்டினார்.

இந்த நிலையில்தான் திறப்பு விழா. கறுப்புக் கல்லில் பொன் எழுத்து: 'தியாகலிங்கம் தாமரைத் தடாகம். நிறுவுநர்: நீர்த்தோட்ட நிபுணர் தியாகலிங்கம். திறந்துவைப்பவர்: தியாகலிங்கம்.' பிரதம விருந்தினராக வந்த ஓய்வுபெற்ற அதிகாரிக்குக் கல்லில் இடமில்லை. மாலை மட்டும் கிடைத்தது. தியாகலிங்கம் ஒலிவாங்கியைப் பிடித்து, நீர் எவ்வாறு மனிதரின் கோபத்தைத் தணிக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தபோது, கீர்த்திகன் ஒரு வாளியோடும் செம்போடும் முன்வரிசைக்கு வந்தான்.

"பெரியப்பா, எங்கட கிணத்துத் தண்ணி. எல்லாருக்கும் முன்னால ஒரு செம்பு குடிச்சுக் காட்டுங்கோ. நல்ல தண்ணியெண்டால் நான் உங்கட காலில விழுறன்."

"விழா முடியட்டும் தம்பி."

"விழா முடிய எங்கட புகையிலையும் முடிஞ்சிடும். குடியுங்கோ!"

செம்பு வாயருகே வந்தது. பாதி தண்ணீர் பட்டு வேட்டியில் சிந்தியது. சபையில் யாரோ, "குடியுங்கோ ஐயா, கசக்கிற மருந்தே?" என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத்தான் தியாகலிங்கத்தால் பொறுக்க முடியவில்லை. ஒலிவாங்கி உயர்ந்தது. பிறகு நடந்ததை வேலணைச் சந்தி அறியும். கீர்த்திகன் இரத்தத்தைத் துப்பியபடி பாய்ந்தான். கதிரைகள் பறந்தன. ஒரு கதிரையின் கால் பிரதம விருந்தினரின் காதைக் கிழித்தது. அவர் மாலையாலேயே காதைப் பொத்திக்கொண்டு காரில் ஏறினார். ஒலிபெருக்கியில் கடைசியாகக் கேட்டது, "நன்றியுரை இருக்குது, ஒருவரும் போகாதேங்கோ" என்ற தியாகலிங்கத்தின் குரல்.

பொலிஸ் வந்து, குடும்பப் பிரச்சினை, சமாதானமாகப் போங்கோ என்று எழுதிக்கொண்டு போனது. ஐந்தாம் நாள் காலை குளத்தில் மூன்று மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. மத்தியானத்துக்குள் ஒன்றும் மிச்சமில்லை. தாமரை இலைகள் ஓரம் கருகிச் சுருண்டிருந்தன. புகையிலை கருகிய அதே விதம். வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்த யாருக்கும் விளங்கியிருக்கும். நிபுணருக்கு விளங்கவில்லை.

"நஞ்சு வைச்சிட்டான்! என்ர மீனுக்கு நஞ்சு வைச்சிட்டான்!"

மீன் அள்ளும் வலையின் இரும்புக் கம்பைத் தூக்கிக்கொண்டு அவர் வேலியைத் தாண்டினார். மூக்கில் பஞ்சும் பிளாஸ்ரருமாகக் கீர்த்திகன் கருகிய கன்றுகளைப் பிடுங்கிக் குவித்துக்கொண்டிருந்தான். மூன்று மாதத்து உழைப்பு முழங்கால் உயரக் குப்பையாகக் கிடந்தது. முதல் அடி அவன் முதுகில் விழுந்தது. இரண்டாவது பிடரியில். மூன்றாவதுக்கு அவன் திரும்பிவிட்டான். கையில் வேலிக்குக் குழி தோண்டும் அலவாங்கு.

அவன் விசிறினான். தியாகலிங்கத்தின் இடது முழங்காலுக்குக் கீழே முருங்கைக்காய் முறியும் சத்தம் கேட்டது. அவர் ஒற்றைக் காலில் கெந்திக் கெந்திக் குளத்துப் பக்கம் ஓடினார். தன் வீட்டை விட்டுவிட்டு ஏன் குளத்துக்கு ஓடினார் என்பதற்கு அவரிடம் இன்றுவரை விளக்கமில்லை. கரையில் கீர்த்திகன் அவர் இடுப்பில் பாய, இருவரும் செத்த மீன்களுக்கு நடுவில் விழுந்தார்கள்.

ஐந்தடி ஆழம். நியமப்படி. கீர்த்திகன் அவர் தலைமயிரைப் பிடித்து முக்கினான். அவர் அவன் கட்டைவிரலைக் கடித்தார். பல் எலும்பில் நின்றது. அவன் விடவில்லை. வாயைத் திறந்து கடித்ததால் வாய் நிறையத் தண்ணீர் போனது. தியாகலிங்கம் தன் தடாகத்தை முதன்முதலாகச் சுவைத்தது அப்போதுதான். கடல். சுத்தமான கடல்.

சத்தம் கேட்டு ஓடிவந்த சறோஜினிதேவி மண்வெட்டியின் பிடியால் முதலில் அடித்தது தன் மகனை. தோளில் இரண்டு, தலையில் ஒன்று.

"விடடா! விடடா நாயே! அவன் செத்தால் நீ மறியலுக்குப் போவாய், தண்ணி திரும்பி வருமோ?"

அவன் கை தளர்ந்தது. தியாகலிங்கம் மேலே வந்து வாந்தி எடுத்தார். அவர் மூச்சு எடுக்கும் வரை சறோஜினிதேவி பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு அதே பிடியால் அவருடைய வாயில் ஒன்று போட்டாள். முன்பல் இரண்டு குளத்தில் விழுந்தன.

அவர் சாகாவிட்டாலும் பொலிஸ் கீர்த்திகனை மறியலில் அடைத்தது. கால் எலும்புக்கு அந்த அளவு மதிப்பு இருந்தது. தியாகலிங்கம் இடது தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டோடு வீடு வந்து, குளக்கரையில் கதிரை போட்டு இருந்தார். பம்பு நின்றுவிட்டது. சறோஜினிதேவி அதைக் கழற்றிக் கிணற்றுக்குள் எறியவில்லை, அருளப்புவை வரவழைத்து, பெக்கோவின் முன்னால் போட்டு அதன்மேல் ஏற்றவைத்தாள். பம்பு நசிந்து தகடாயிற்று.

"ஓட்டையைக் களிமண்ணும் கல்லும் போட்டு அடையுங்கோ அக்கா," என்று அருளப்பு சொல்லிவிட்டுப் போனார். "இறைக்காமல் விடுங்கோ. இரண்டு மூண்டு மாரி பெய்தால் மழைத்தண்ணி உப்பைக் கீழ தள்ளும். தள்ளினால் தள்ளும்."

களிமண் அவர் கொண்டுவந்து கொட்டினார். கல் அங்கேயே இருந்தது. ஒவ்வொரு நாள் காலையும் சறோஜினிதேவி வேலிக் கடப்பைத் திறந்து வந்து, செயற்கை நீர்வீழ்ச்சியை ஒவ்வொரு கல்லாகப் பிரித்துக் குளத்தில் போட்டாள்.

"சறோ, அது இத்தாலிக் கல்லு," என்றார் தியாகலிங்கம் முதல் நாள். பல்லில்லாததால் 'இத்தாலி' காற்றாக வந்தது.

தொம் என்று விழுந்தது. பிறகு பெயர்ப்பலகைக் கல்லும் போனது. 'நிபுணர்' கொஞ்ச நேரம் தண்ணீருக்குள் மினுங்கி மறைந்தார்.

கல் போடுவதற்கு முதல் அவள் கிணற்றிலிருந்து ஒரு செம்பு அள்ளிக்கொண்டு வந்து அவர் முன்னால் நீட்டுவாள். மற்றக் கையில் மண்வெட்டி இருக்கும்.

"குடியுங்கோ. என்ன மாதிரி?"

"உப்பு."

அவள் தலையாட்டிவிட்டு வேலையைத் தொடங்குவாள். பதினொராவது நாள் தியாகலிங்கம் யோசித்தார். நீர்வீழ்ச்சியில் மிச்சம் ஆறு கல்தான் இருந்தது. தாமரைக் கிழங்கு ஒன்றிரண்டு ஓரத்தில் உயிரோடு இருக்கலாம். செம்பை வாங்கி ஒரே மிடறில் குடித்து, உதட்டைத் துடைத்து, சபையில் பேசும் குரலில் சொன்னார்:

"நல்ல தண்ணி, சறோ. திருந்திட்டுது. இனிக் காணும், கல்லை விடும்."

சறோஜினிதேவி செம்பின் அடியில் மிஞ்சியதைத் தன் நாக்கில் விட்டாள். கொஞ்ச நேரம் வாயில் வைத்திருந்தாள். அவர் முகத்துக்கு நேரே துப்பினாள். பிறகு நீர்வீழ்ச்சியின் பெரிய கல்லை இரண்டு கையாலும் தூக்கினாள்.

அந்தக் கல் குளத்தில் விழவில்லை. மாவுக்கட்டு இல்லாத மற்றப் பாதத்தில் விழுந்தது.

அடுத்த நாள் காலையும் செம்பு வந்தது. தியாகலிங்கம் இரண்டு காலையும் நீட்டியபடி, கடைசித் துளி வரை குடித்தார்.

"உப்பு," என்றார். "இன்னும் உப்புத்தான்."